பிள்ளையிரும்பு

கருந்துறையில் பிள்ளை பெற்ற வீட்டில் இரும்பு வைப்பார்கள். பாக்குவெட்டியோ, மீன் அறுக்கிற கத்தியோ, உடைந்த நங்கூரத்தின் ஒரு கொக்கியோ எதுவானாலும் சரி, சேலைத் தொட்டிலுக்குக் கீழே தரையில் வைத்துவிட்டு, அந்தப் பிள்ளை தானாகத் தவழ்ந்து வாசற்படி தாண்டுகிற நாள் வரைக்கும் அதை அந்த இடத்தை விட்டு அசைக்கமாட்டார்கள், தாண்டிய அன்றைக்கு எடுத்துக் கழுவிப் பழையபடி பாக்கு வெட்டவும் மீன் அறுக்கவும் வைத்துக்கொள்வார்கள், அதற்குப் பிள்ளையிரும்பு என்று பெயர். பங்குச்சாமியார் கஸ்பார் வருஷத்துக்கு ஒருமுறை பிரசங்கத்தில் இதை மூடநம்பிக்கை என்று காய்ச்சி எடுப்பார், பெண்களும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஆமென் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய்க் கத்திக்கு மேலே ஒரு ஜெபமாலையைப் போட்டுவைப்பார்கள், அதோடு இரு தரப்புக்கும் சமாதானமாகிவிடும்.

ஆகவே டெல்பினுக்குப் பெண்குழந்தை பிறந்த மூன்றாம் நாள், ஒரு கையில் பால்சுறாப் புட்டும் மறுகையில் மீன்கூடையுமாக வந்த அவள் நாத்தனார் வியாகுலம், பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் குனிந்து தொட்டிலுக்குக் கீழேதான் பார்த்தாள்.

"ஏட்டி டெல்பினு, பிள்ளைக்க கீழ இரும்பு எங்கட்டி?"

"கத்தி அடுக்களையில வேலையா இருக்கு மைனி. அப்புறமா வைக்கேன்."

"அப்புறமா வைக்கியா? பேய் என்ன, உன்கிட்ட அப்பாயிண்ட்மெண்டு வாங்கிட்டா வரும்? கான்வெண்டுல படிச்சவளுக்கு இரும்பு வைக்க வெக்கம்!"

டெல்பினுக்கு வெட்கம் இல்லை, பயம்தான். பிள்ளை பிறந்த நிமிஷத்திலிருந்து அவளுக்கு எல்லாவற்றிலும் பயமாக இருந்தது, பிள்ளை மூச்சு விட்டாலும் பயம், விடுவது கேட்காவிட்டாலும் பயம். எட்டிக் கைப்பையைத் துழாவினாள், உள்ளே ஒரு சின்னப் பப்படத்தின் அளவில் வட்டமான உலோகத் தட்டு ஒன்று அகப்பட்டது, அதை எடுத்துத் தொட்டிலுக்குக் கீழே வைத்தாள். தட்டின் முதுகில் நானூற்றுப் பதினேழு என்று எண் குத்தியிருந்தது.

டெல்பின் வேலை பார்த்தது கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில். அந்தக் கம்பெனியைப் பற்றிக் கேட்டால் கருந்துறையில் யாரும் ஒரே மூச்சில்தான் சொல்வார்கள்: சுழலுகிற எதற்குள்ளும் ஒரு காந்தம் உண்டு, காற்றாலையிலும் உண்டு, பெட்ரோல் குடிக்காத புது வண்டியிலும் உண்டு, பலமான காந்தத்துக்கு அருமண் என்று ஒரு வகை உலோகம் வேண்டும், அந்த அருமண் கருந்துறையின் கறுப்பு மணலில் கிடந்தது, அதனால் கம்பெனி கரையைத் தோண்டியது, தோண்டிய பள்ளத்துக்குக் கடல் வந்தது, வந்த கடல் மூன்று தெருவையும் கல்லறைத் தோட்டத்தில் பாதியையும் எடுத்துக்கொண்டு போனது, செத்தவர்களுக்கும் அங்கே நிம்மதி இல்லை. மணல் ஒருநாள் தீர்ந்துபோகும் என்று கம்பெனிக்கும் தெரியும் என்பதால், அருமண் இல்லாத காந்தம் ஒன்றைத் தேடச் சொல்லி அதே கரையில் ஓர் ஆராய்ச்சிக்கூடமும் கட்டி வைத்திருந்தது. அங்கே டாக்டர் குமாரதாஸ் பதினொரு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தார். இரும்பும் நிக்கலும் மட்டும் போதும், வானத்திலிருந்து விழுகிற சில கற்களுக்குள் அவை இரண்டும் அடுக்கடுக்காக வரிசை கட்டி நின்று அருமையான காந்தமாக இருக்கின்றன, ஆனால் அப்படி வரிசை கட்ட அவற்றுக்குக் கோடிக்கணக்கான வருஷம் பிடிக்கிறது, ஆகாயத்தின் குளிரில் மெல்ல மெல்ல ஆறி ஆறி, என்று சொல்வார். "நமக்கு அந்த நேரம் இல்லை டெல்பின். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிப்போர்ட் கேட்கிறார்கள்." அவர் உருக்கி, அழுத்தி, ஆறவைத்துத் தோற்றுப்போன தட்டுகளில் ஒன்றுதான் நானூற்றுப் பதினேழு, ஒரு குண்டூசியைக்கூடத் தூக்காத அதை அவள் காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருந்தாள், பிரசவ விடுப்பு எடுத்த அன்றைக்கு மேசையைக் காலி செய்கையில் பைக்குள் விழுந்திருக்கிறது.

நாற்பது நாள் அந்தத் தட்டுக்கு மேலே அமலி தூங்கினாள். தாலாட்டு எதுவும் டெல்பினுக்குத் தெரியாது, எனவே பள்ளிக்கூடத்துக் காலை ஜெபத்தையும், அது தீர்ந்தால் நாகர்கோவில் பஸ் நிற்கிற ஊர்களின் பெயர்களையும் ராகம் போட்டுப் பாடினாள். நாற்பத்தோராம் நாள் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து போன் வந்தது, பழைய மாதிரிகளை எல்லாம் ஒழிக்கிறார்கள், ஒன்று குறைகிறது என்று. டெல்பின் தட்டை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, அந்த இடத்தில் மீன்கத்தியை வைத்தாள். பிள்ளை இன்னும் குப்புறக்கூட விழவில்லை. வாசற்படி தாண்டுமுன் இரும்பை மாற்றக்கூடாது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. கத்தியும் இரும்புதானே என்று நினைத்தாள். இரும்பை எல்லாம் ஒன்று என்று நினைத்ததுதான் அவள் செய்த பிழை.

பஸ்ஸில் கண்டக்டரின் விசில் அவர் வாயிலிருந்து பறந்து அவளுடைய கைப்பையில் ஒட்டிக்கொண்டது. "எக்கா, விசிலத் தாங்க, வண்டி போகண்டாமா?" என்றார் கண்டக்டர், எரிச்சலோடு, வேறொன்றும் கேட்காமல்.

ஆராய்ச்சிக்கூடத்தில் அளக்கிற கருவியின் முள் கடைசி எண்ணையும் தாண்டி மடங்கிப்போனது. டாக்டர் குமாரதாஸ் இன்னொரு கருவி கொண்டுவந்தார், அதுவும் மடங்கியது, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

"என்ன செய்தாய் இதை?"

"ஒண்ணும் செய்யல சார். பிள்ளைக்குக் கீழ வச்சி நாப்பது நாளும் பாடினேன்."

"எத்தனை டிகிரியில்?"

"பிள்ளைச் சூட்டுல சார்."

அவர் பதிவேட்டில் அப்படியே எழுதினார்: சிசுவின் கீழ், நாற்பது நாள், தாயின் குரலில்.

கருந்துறைக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இருக்கவில்லை. இரும்பு பிள்ளையைக் காவல் காக்கிறது என்று நாங்கள் எத்தனை தலைமுறையாகச் சொல்லுகிறோம், இவ்வளவு படித்தவர்களுக்கு இப்போதுதானா தெரிகிறது என்பதுதான் ஊருக்கு இருந்த ஒரே ஆச்சரியம். மேலாளர் நிகிலேஷ், நகரத்திலிருந்து வந்த இளைஞர், பங்குப் பேரவைக் கூட்டத்துக்கு வந்து செருப்பை வெளியே கழற்றிவிட்டுப் பீடத்தின் படியில் நின்று பேசினார். உங்கள் தொட்டிலிலிருந்து ஒரு தட்டு வந்தால் உங்கள் கரையில் ஒரு லாரி மணல் அப்படியே கிடக்கும் என்றார், அருமண் தேவைப்படாத நாளில் இந்தக் கரையில் யார் தோண்டுவார்கள் என்றார், ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டார். மறுவாரம் டீசல் புகை கக்கிக்கொண்டிருந்த தோண்டுகிற இயந்திரங்களை வரிசையாக ஓட்டிக்கொண்டு போனார்கள், ஊரே தெருவில் நின்று அழுதது, வெடி போட்டது. தன் வீட்டின் பாதியைக் கடலுக்குக் கொடுத்திருந்த ஜெனோவா, வயிற்றில் இரட்டைப் பிள்ளைகளோடு, தாசில்தாரைப் போல நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். "எனக்க வயித்துக்குள்ள ரெண்டு லாரி மணலு கெடக்கு" என்று அவள் சொன்னபோது சிரிக்காதவர் யாரும் இல்லை.

அதற்கப்புறம் அந்த ஊர் எப்படி மாறியது என்றால், கல்யாண ஓலைகள் கோவிலில் அவசர அவசரமாக வாசிக்கப்பட்டன, கர்ப்பிணிக்கு வள்ளத்தின் முதல் மீன் என்று சட்டமாயிற்று, ஞானஸ்நானத்துக்கு வருகிற ஞானப்பெற்றோர் தங்கச்சங்கிலி போடுவதை விட்டுவிட்டுப் பட்டுத்துணியில் சுற்றி இரும்புத் தட்டு கொண்டுவந்தார்கள், பிள்ளை இல்லாத ஒரு சித்தப்பா தன் பங்குக்கு ஒரு கடப்பாரையை மடியில் போட்டு ஒரு மாதம் பாடிப் பார்த்தார், அது துருப்பிடித்ததோடு சரி. கம்பெனி தாய்மாரின் குரலைப் பதிவு செய்து ஒலிபெருக்கியில் போட்டுப் பார்த்தது, இரும்பு அதற்கு மசியவில்லை, கூலிக்குப் பாடகிகளை அழைத்துவந்தார்கள், அதற்கும் மசியவில்லை, பெற்றவள் பாடவேண்டும், பிள்ளை கேட்கவேண்டும், அவ்வளவுதான். எனவே கம்பெனி தாய்மாரைக் கவனிக்கத் தொடங்கியது. காய்ச்சலில் பாடினால் தட்டு பலவீனமாக இருக்கிறது என்று கண்டுபிடித்து மருந்து கொடுத்தார்கள், புருஷனோடு சண்டை போட்ட வாரத்துத் தட்டு சரியில்லை என்று கண்டுபிடித்து ஆலோசகர் ஒருத்தியை அனுப்பினார்கள், அவள் வீடு வீடாக வந்து, மகிழ்ச்சியான தாயே தரமான தாய் என்று அச்சடித்த அட்டையைத் தொட்டிலில் மாட்டிவிட்டுப் போனாள். முதலில் ஒரு தட்டு, அப்புறம் மூன்று, அப்புறம் தொட்டிலுக்குக் கீழே இட்லிக் கொப்பரையைப் போல அடுக்கி வைத்த பன்னிரண்டு. நாற்பது நாள் நீளம் என்று இருபதாக்கினார்கள், இருபதைப் பத்தாக்கினார்கள், பத்தாம் நாள் கையுறை போட்ட பெண்கள் வந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு குளிர்ந்த புதுத் தட்டுகளை வைத்துவிட்டுப் போனார்கள். பிள்ளை வாசற்படி தாண்டுகிற வரை எடுக்கக்கூடாது என்று யாராவது முணுமுணுத்தால், கரை வேண்டுமா வேண்டாமா என்று பக்கத்து வீட்டுக்காரியே கேட்டாள். கரை வேண்டும், யாருக்குத்தான் வேண்டாம். சேலைத் தொட்டில்கள் உத்தரத்திலிருந்து நேராகத் தொங்குவதை நிறுத்தி, கம்பெனி தட்டுகளை அடுக்கி வைத்திருந்த கிட்டங்கியின் பக்கமாகச் சாய்ந்து தொங்கின. சாய்ந்தே தொங்கட்டும், ஆட்ட எளிதாக இருக்கிறது என்றார்கள்.

பிள்ளைகள் அழுவதை நிறுத்தின. இதை ஊர் ஒரு வரமாகத்தான் எடுத்துக்கொண்டது. யார் தூக்கினாலும் போயின, எந்தக் கை கொடுத்தாலும் குடித்தன, அம்மா வெளியே போனாலும் தேடவில்லை, வந்தாலும் பார்க்கவில்லை. "எம்மா, என்ன அடக்கமான பிள்ளையள்!" என்று பக்கத்து ஊர்க்காரர்கள் மெச்சினார்கள். அழாத குழந்தைகளின் கடற்கரை என்று கம்பெனி வழவழப்பான காகிதத்தில் படம் போட்டு வெளியிட்டது.

டெல்பினும் அமலிக்குக் கீழே தட்டுகளை வைத்தாள், ஊரெல்லாம் வைக்கும்போது முதலில் கொண்டுபோய்க் காட்டியவள் எப்படி வைக்காமல் இருப்பாள். ஐந்தாம் மாதம் ஒருநாள் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து "அமலி" என்றாள். அமலி தொட்டிலில் மல்லாந்து உத்தரத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். "அமலி. அமலிக்குட்டி." கையைத் தட்டினாள், கழுத்து சத்தத்துக்குத் திரும்பியது, பக்கத்து வீட்டுக் கோழி கொக்கரித்தது, அதற்கும் திரும்பியது, அவள் குரலுக்கு மட்டும் திரும்பவில்லை. மருத்துவர் காதைப் பார்த்துவிட்டு நன்றாகக் கேட்கிறது என்றார். "சமத்துப் பிள்ளை, எதுக்கும்மா பயப்படுறீங்க?" என்றும் கேட்டார்.

கடலிலிருந்து வந்த புருஷன் ரெமிஜியூஸிடம் சொன்னாள். அவன் வலையை உதறிக்கொண்டே, "எனக்கும் ஒண்ணும் புரியல. தோண்டுறத நிப்பாட்டி மூணு மாசமாச்சி, கடலு இன்னும் கலங்கியே கெடக்கு. அடியில யாரோ துழாவுறது மாதிரி" என்றான். அவள் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

விடுப்பு முடிந்து மறுபடி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அவள் மறுநாள் ஆராய்ச்சிக்கூடத்துக்குள் நுழைந்தபோது டாக்டர் குமாரதாஸ் கண்ணாடிப் பெட்டியின் முன்னால் நின்றிருந்தார். முதல் தட்டு என்ற மரியாதைக்காக நானூற்றுப் பதினேழை ஒரு முளையின்மேல் நிறுத்திப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள்.

"இது தினமும் காலையில் திரும்புகிறது டெல்பின். கட்டடத்தில் ஏதோ அதிர்வு. நீ வருகிற பஸ்ஸாக இருக்கும்."

டெல்பின் மேசையைச் சுற்றி நடந்தாள். தட்டும் முளையின்மேல் மெல்லச் சுற்றியது. நின்றாள், நின்றது. இந்தப் பக்கம் நடந்தாள், இந்தப் பக்கம் திரும்பியது. மெதுவாக, "அமலி" என்றாள்.

தட்டு தாவிக் கண்ணாடியில் மோதியது. வீட்டில் திரும்பாத கழுத்து இங்கே இருந்தது.

"காந்தம் என்றால் என்ன சார்?" என்று கேட்டாள் டெல்பின். குரல் நடுங்கியது, முதல்முறையாகப் பயத்தினால் அல்ல. "உள்ளே இருக்கிற எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பி நிற்பது. நீங்கள்தானே சொல்வீர்கள். எங்கள் பிள்ளைகள் திரும்பக் கற்றுக்கொண்டதையெல்லாம் இதற்குள் வாங்கிக்கொண்டீர்கள்."

"இதை யாரிடமும் சொல்லாதே" என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல். "பதினொரு வருஷம் டெல்பின். யோசித்துப் பார்."

"என் பிள்ளைக்கு ஆறு மாசம்கூட ஆகல சார்."

அன்று மாலையே கோவிலில் கூட்டம். டெல்பின் எழுந்து எல்லாவற்றையும் சொன்னாள். பெண்கள் பக்கத்திலிருந்துதான் முதல் கல் வந்தது.

"நீதானே கொண்டுபோய்க் காட்டினது?" என்றாள் ஜெனோவா, இரட்டையரில் ஒன்றை இடுப்பிலும் ஒன்றைத் தோளிலும் வைத்துக்கொண்டு. "பேரு வாங்கினது நீ. இப்ப பிள்ளைக்கு நோவுன்னு வந்து நிக்கியா?"

"ஆமாக்கா. நான்தான் கொண்டுபோனேன்."

"கரையைத் தோண்டுவது நின்றுவிட்டதே அம்மா" என்றார் சாமியார் கஸ்பார். "அதையும் யோசிக்கவேண்டும். ஊர் பிழைத்ததே."

வியாகுலம் மீன்கூடையைக் கீழே வைத்தாள். "சாமி, நீங்க பிள்ள பெத்ததில்ல, உங்களுக்குக் கேள்வி புரியாது. ஏட்டி, பத்தொம்பது பிள்ளக்காரியும் இங்கதான இருக்கியோ. அவவ பிள்ளைய அவவ பேர் சொல்லிக் கூப்பிடுங்க, பாப்போம். திரும்புதான்னு பாப்போம். திரும்பிட்டா டெல்பினு பொய்காரி, நானே மொட்ட அடிச்சி விடுதேன்."

சிரித்துக்கொண்டேதான் கூப்பிட்டார்கள். ஒருத்தி கூப்பிட்டாள், அடுத்தவள் கூப்பிட்டாள், அப்புறம் எல்லோரும் ஒன்றாக, பத்தொன்பது அம்மாக்கள் இருபது பெயர்களை. ஒரு பிள்ளையும் திரும்பவில்லை. தலைக்கு மேலே, கம்பெனி அந்தத் தட்டுகளை வைத்துச் செய்து காணிக்கையாகக் கொடுத்திருந்த பதினாறு புது மின்விசிறிகளும் கிறீச்சென்று நின்று, தண்டோடு சாய்ந்து, பெண்கள் பக்கமாகக் குனிந்தன.

கோவிலுக்குள் அப்படி ஒரு புழுக்கம் அதற்கு முன்னால் இருந்ததில்லை. ஜெனோவா தன் தலைக்கு மேலே குனிந்திருந்த மின்விசிறியை அண்ணாந்து பார்த்தாள், இடுப்பில் இருந்த பிள்ளையைப் பார்த்தாள், "நான் வாரேன், எங்க போவணும்?" என்றாள்.

கிட்டங்கி கரையில் இருந்தது. பொழுது சாய்கிற நேரத்தில் பத்தொன்பது பேரும் பிள்ளைகளோடு அதன் முன்னால் போய் நின்றார்கள், பின்னால் ஊர் நின்றது. காவலாளி சாவி தன்னிடம் இல்லை என்றான். சாவிக்கு நேரமும் இல்லை. "ஆரோன்! சகாயம்!" என்று ஜெனோவா இரட்டையரை அழைத்தாள், அடிவயிற்றிலிருந்து, தெருவில் விளையாடுகிற பிள்ளையைச் சோற்றுக்குக் கூப்பிடுகிற குரலில், உள்ளே தட்டுகள் எழும்பிக் கதவில் மோதின, மற்றவர்களும் கூப்பிட்டார்கள், ஆலங்கட்டி மழை தகரத்தில் அடிப்பதைப் போல அடித்து அடித்துக் கதவு உள்ளிருந்து வெளியே வளைந்து பெயர்ந்து விழுந்தது, தட்டுகள் மணலில் உருண்டு வந்து அவரவர் அம்மாவின் காலடியில் சாய்ந்தன.

அப்போதுதான் கடல் இரண்டாகப் பிளந்ததைப் போல அலைக்குள்ளிருந்து ஏதோ எழுந்தது. வீடு உயரத்துக்கு ஓர் இயந்திரம், புகை இல்லை, சத்தம் இல்லை, பாசி பிடித்த உடம்பு, வாய் நிறையக் கறுப்பு மணல். அதன் மோட்டாருக்குள் இருந்த தட்டுகளுக்கும் பெயர் கேட்டுவிட்டது. கருந்துறைக்காரர்கள் ஒருவரும் அதுவரை அதைப் பார்த்ததில்லை, மூன்று மாதமாக அது கடலுக்கு அடியில் அவர்களுடைய கரையைத் தின்றுகொண்டிருந்தது, தோண்டுவது நிற்கவே இல்லை, சத்தம் போடுவதுதான் நின்றிருந்தது. பிள்ளைகளைக் கொடுத்து அவர்கள் வாங்கியது அந்த நிசப்தத்தை மட்டும்தான். அது இரண்டு பக்கமும் அசைந்து அசைந்து, முழங்காலும் கையும் ஊன்றினதைப் போல, கரைமேலே தவழ்ந்து வந்து ஜெனோவாவின் முன்னால் நின்று வாயைத் தாழ்த்தியது.

யாரும் ஓடவில்லை. ஜெனோவா அதன் கன்னத்தில், இரும்பில் கன்னம் எதுவோ அதில், கையை வைத்தாள். பிறகு குனிந்து மணலை வாரி எறிந்து திட்டத் தொடங்கினாள், அந்தத் திட்டை எழுதமுடியாது.

நிகிலேஷ் ஜீப்பில் வந்து இறங்கினார். "இது கம்பெனிச் சொத்து. தயவுசெய்து விலகுங்கள். நாம் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்."

"பிள்ளையோ யாருக்க சொத்து, தம்பி?" என்றாள் வியாகுலம். "தோண்டல, தோண்டலன்னு பீடத்துல ஏறி நிண்ணு சொன்னீரே, இதுக்க வாயில இருக்கது என்ன, பாயசமா?"

"ஒப்பந்தத்தில் கரை என்றுதான் இருக்கிறது. கடலடி என்று இல்லை."

அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு அவரை யாரும் மனிதரோடு சேர்த்துப் பேசவில்லை. சாமியார் கஸ்பார் ஜீப்பின் கதவை அவருக்காகத் திறந்து பிடித்தார், ஏறும்வரை பிடித்துக்கொண்டே நின்றார்.

தட்டுகளை என்ன செய்வது என்று யாரும் டெல்பினைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்தப் பத்தொன்பது பேரில் முக்கால்வாசிப் பேர் ஒரே கன்னியர் பள்ளியில் படித்தவர்கள், சிஸ்டர் அம்புரோசியா பிரம்பை மேசையில் தட்டித் தட்டி மனப்பாடம் செய்யவைத்தது இத்தனை வருஷத்துக்குப் பிறகும் தொண்டையில் அப்படியே இருந்தது, ஒருத்தி தொடங்க எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள்: காந்தம் மூன்று வழிகளில் தன் சக்தியை இழக்கும், சூடாக்கினால், சுத்தியலால் அடித்தால், உயரத்திலிருந்து போட்டால். ஆண்கள் இயந்திரத்தின் வயிற்றைப் பிரித்துத் தட்டுகளை எடுத்தார்கள், மின்விசிறிகளையும் கழற்றிக் கொண்டுவந்தார்கள். வீடு வீடாகச் சிரட்டைக் கரி வந்தது, கொல்லன் தன் துருத்தியை இழுத்துக்கொண்டு வந்தான். இரும்பு சிவந்தது. ஆண்கள் இரும்பைப் பார்த்தார்கள், பெண்கள் ஒருத்தியும் இரும்பைப் பார்க்கவில்லை, அவரவர் பிள்ளையின் கழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதலில் சகாயம் வீறிட்டு அழுதான். அம்மாவின் தாடையைப் பிடித்து இழுத்து முகத்தைப் பார்த்தான், பார்த்துவிட்டு இன்னும் கூடுதலாக அழுதான். பிறகு ஆரோன். பிறகு எல்லாம். மூன்று மாத அழுகையையும் அந்தக் கரையில் சேர்த்து வைத்து அழுதார்கள், ஊர் அந்தச் சத்தத்தைத் திருவிழாக் கொட்டுமேளத்தைப் போலக் கேட்டுக்கொண்டு நின்றது.

அமலி அழவில்லை. அவளுடைய மற்றத் தட்டுகள் எல்லாம் நெருப்பில் கிடந்தன, ஒன்றைத் தவிர. டெல்பின் பிள்ளையை வியாகுலத்தின் கையில் கொடுத்துவிட்டு ஆராய்ச்சிக்கூடத்துக்கு ஓடினாள். கண்ணாடிப் பெட்டி காலியாக இருந்தது, டாக்டர் குமாரதாஸ் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நானூற்றுப் பதினேழை மத்தியானமே விமானத்தில் ஏற்றிவிட்டார்கள், கடல் தாண்டி, தலைமை அலுவலகத்துக்கு, வரவேற்பறையில் காட்சிக்கு வைக்க. "நான் கையெழுத்துப் போட்டேன்" என்றார். "நீ சொன்ன பிறகுதான் போட்டேன்." அவளுக்கு அவரை அடிக்கவேண்டும் போல இருந்தது, அடிக்கவில்லை, அதற்காகப் பிற்பாடு பல நாள் வருந்தினாள்.

அன்றிலிருந்து தினமும் மாலை ஆறு மணிக்குக் கோவிலில் திரிகால ஜெப மணி அடித்ததும் டெல்பின் அமலியோடு கரைக்குப் போய்க் கடலைப் பார்த்து அவள் பெயரைக் கூப்பிட்டாள். மூன்றாம் நாள் ஜெனோவா வந்து பக்கத்தில் நின்றாள். "உனக்கத் தொண்ட வெள்ளைக்காரன் நாட்டுக்கு எட்டாது, தள்ளி நில்லு" என்றாள். பத்தாம் நாள் பத்தொன்பது பேரும் நின்றார்கள். ரெமிஜியூஸ் வள்ளத்திலிருந்து கூப்பிட்டான். ஒரு மாதம் கழித்துக் கம்பெனியின் முத்திரையோடு கடிதம் வந்தது: தலைமை அலுவலகத்தில் வைக்கப்பட்டுள்ள காட்சிப்பொருள், உங்கள் நேரப்படி மாலை ஆறு முதல் ஏழு மணி வரை கட்டுக்கடங்காமல் அசைந்து இதுவரை மூன்று கண்ணாடிப் பெட்டிகளை உடைத்துள்ளது, எனவே மேற்படி நேரத்தில் குழந்தையின் பெயரை உரக்க அழைப்பதைத் தவிர்க்குமாறும், அவசியமானால் வேறு பெயரால் அழைக்குமாறும் கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்.

டெல்பின் அதை நின்றபடியே இரண்டு தடவை வாசித்தாள். மண்ணை எடுத்தார்கள், கல்லறையை எடுத்தார்கள், பாட்டை எடுத்தார்கள், பிள்ளையின் கழுத்தை எடுத்தார்கள், இனி அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவும் கூடாதாம். இத்தனை மாதம் வயிற்றுக்குள் சுருண்டு கிடந்த பயம் எங்கே போயிற்று என்று தேடிப்பார்த்தாள், அது இருந்த இடம் சூடாக இருந்தது. கடிதத்தைக் கொண்டுபோய்ச் சாமியார் கஸ்பாரிடம் கொடுத்தாள். அவர் வாசித்துவிட்டுக் கோவில் கோபுரத்து ஒலிபெருக்கி நான்கையும் கழற்றச் செய்து கடலைப் பார்த்துக் கட்டவைத்தார். அன்று மாலை மணி அடித்ததும் மைக்கின் முன்னால் அவர்தான் முதலில் நின்றார், திருப்பலியில் பாடுகிற அதே குரலில், "அமலி" என்றார். ஊர் மொத்தமும் "அமலி" என்றது. பக்கத்து ஊர்க் கோவிலில் கேட்டு அங்கேயும் சொன்னார்கள், அதற்கு அடுத்த ஊரிலும் சொன்னார்கள், கரை நெடுகிலும் ஆறு மணிக்கு ஒரே பெயராக ஒலித்தது.

ஒன்பதாம் மாதம் ஒருநாள் மாலை, மணி அடிக்கிறதற்குக் கொஞ்சம் முன்னால், டெல்பின் அரிசி களைந்துகொண்டிருந்தாள். பாயில் கிடந்த அமலி குப்புற விழுந்தாள், கையை ஊன்றினாள், முழங்காலை இழுத்தாள், தவழ்ந்தாள். வாசற்படியில் நெஞ்சைப் போட்டு அந்தப் பக்கம் இறங்கினாள். டெல்பின் கூப்பிட்டாள், பிள்ளை திரும்பவில்லை, தெருவைத் தாண்டி மணலில் இறங்கிப் போய்க்கொண்டே இருந்தது, ஈரக் கையோடு அவள் பின்னாலேயே போனாள். ஊர் வீடுகளிலிருந்து வெளியே வந்து, தூக்காமல், மறிக்காமல், கூடவே நடந்தது.

அலை வந்து தொடுகிற இடத்தில் ஒரு கறுப்பு உருண்டை கிடந்தது. ஒரு பெரிய முள்ளம்பன்றி சுருண்டு கிடப்பதைப் போல, உடம்பெல்லாம் கறுப்பு முள் சிலிர்த்து, தண்ணீர் வடிய. அத்தனை தூரம் கடலடியில் புரண்டு வந்த நானூற்றுப் பதினேழு, கப்பல்களில் போன வழியிலும் துறைமுகங்களிலும் சிந்திக் கிடந்த கருந்துறையின் மணலை எல்லாம் ஒரு துகள் விடாமல் தன் மேலே பொறுக்கிக்கொண்டு வந்திருந்தது.

அமலி அதன்மேல் கையை வைத்தாள். வாசற்படி தாண்டிய பிள்ளையின் கை பட்டதும் இரும்பு வெறும் இரும்பாயிற்று. மணல் உதிர்ந்தது, உதிர்ந்துகொண்டே இருந்தது, ஒரு பப்படத்தளவுத் தட்டிலிருந்து எவ்வளவு உதிரக்கூடுமோ அதைவிட எத்தனையோ மடங்கு, அவள் முழங்கால் மூடி, டெல்பினின் கணுக்கால் மூடி, கரையில் விழவேண்டிய இடத்தில் விழுந்தது.

டெல்பின் கூப்பிடவில்லை. அமலிதான் கழுத்தைத் திருப்பி அவளைப் பார்த்தாள், பார்த்து உதட்டைப் பிதுக்கினாள், இவ்வளவு நாள் எங்கே போயிருந்தாய் என்று கேட்கிறவளைப் போல ஓங்கி அழுதாள்.